தொட்டால் தெரியாத காலில் தீ

"கால் எரியுதுடா."

"எந்தக் கால்ப்பா?"

"ரெண்டும்தான். பாதத்துல கங்கு வச்ச மாதிரி இருக்கு."

மகன் போர்வையை விலக்கி அப்பாவின் பாதத்தைக் கையில் எடுக்கிறான். சில்லென்று இருக்கிறது. கட்டைவிரலை அழுத்துகிறான். பிறகு லேசாகக் கிள்ளுகிறான்.

"தெரியுதா?"

"தெரியல."

"கிள்ளினாத் தெரியலங்கிறீங்க. அப்புறம் எப்படிப்பா எரியும்?"

அப்பாவிடம் பதில் இல்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

பனையிலிருந்து விழுந்தவர், கிணற்று வேலையில் மண் சரிந்து சிக்கியவர், பைக்கில் போய் லாரியில் மோதியவர் என்று தண்டுவடம் அடிபட்ட ஒருவர் இருக்கும் வீட்டில் இப்படியொரு பேச்சு என்றைக்காவது எழுந்துவிடும். மகன் புரியாமல்தான் கேட்டான். ஆனால் அப்பாவின் காதில் அது "நீங்கள் சொல்வது பொய்" என்று விழுகிறது. அடுத்த முறை எரியும்போது அவர் வாய் திறப்பதில்லை.

தண்டுவடம் அடிபட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த நரம்பு வலி வருகிறது. சிலருக்குச் சில வாரங்களிலேயே தொடங்கிவிடும். அடிபட்ட இடத்துக்குக் கீழே, உணர்வு செத்த பகுதியில் வரும் வலி பலருக்கு மாதங்கள் கழித்தும் வருடங்கள் கழித்தும் தலைகாட்டும். எரிச்சல், ஊசிக் குத்தல், ஷாக் அடித்தது போன்ற வெட்டு, ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போன்ற இறுக்கம் என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். உணர்வுள்ள உடம்பும் உணர்வற்ற உடம்பும் சந்திக்கும் எல்லையில் சட்டை உரசினாலே துடித்துப்போகிறவர்களும் உண்டு.

மகனின் அந்தக் கேள்விக்குப் பதில் பிறந்த கதை இது. பதிலின் முதல் நூலிழை கையில் கிடைத்ததும், பின்னர் அதை நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்ததும் ஒரே ஊரில்: நார்வேயின் தலைநகர் ஆஸ்லோ. இரண்டுக்கும் இடையே 29 ஆண்டுகள்.

அறுத்தும் போகாத வலி

வலி என்பது தந்தி மாதிரி என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். காலில் முள் குத்துகிறது, செய்தி நரம்பு வழியாகத் தண்டுவடம் ஏறி மூளைக்குப் போகிறது, மூளை "ஆ" என்கிறது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் வழியே இந்தத் தந்தியின் அருமையை உலகத்துக்குக் காட்டினார். விரல்கள் தேய்ந்து அழிவதற்குக் காரணம், நரம்பு செத்து வலி தெரியாமல் போனதுதான் என்றார். வலி தெரியாதவர் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குகிறார், புண்ணான காலோடு மைல்கணக்கில் நடக்கிறார். வலி உடம்புக்குக் காவல்காரன் என்பதை வேலூரிலிருந்து அவர் சொன்னார்.

அப்படியானால் தந்திக்கம்பி அறுந்த உடம்பில் வலியே இருக்கக் கூடாது. தண்டுவடம் அறுந்தவரின் அனுபவமோ தலைகீழாக இருந்தது. காவல்காரன் போய்விட்டான், கூச்சல் மட்டும் ஓயவில்லை. கள்ளன் வராத வீட்டில் இராப்பகலாய் நாய் குரைப்பது போல.

வலி தாங்காமல் தவித்தவர்களுக்கு அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் நரம்பை வெட்டிப் பார்த்தார்கள். அதற்கும் அடங்காதவர்களுக்குத் தண்டுவடத்தின் ஒரு பகுதியையே வெட்டி எடுத்தார்கள். 1978-ல் வலி ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் ஜான் லோசரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை அப்படிப்பட்ட சிலரைப் பற்றியது. கீழிருந்து ஒரு செய்திகூட ஏறிவர வழியில்லை, வலி மட்டும் அப்படியே இருந்தது. இந்த வலி காலில் பிறப்பதில்லை, வெட்டுக்கு மேலே மிச்சமிருக்கும் நரம்பு மண்டலமே அதை உற்பத்தி செய்கிறது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள்.

சரி, நரம்பு எதற்காக, எப்படி வலியை உற்பத்தி செய்கிறது? அதற்கான நூலிழை அந்தக் கட்டுரைக்குப் பன்னிரண்டு வருடம் முன்பே ஆஸ்லோவில் கிடைத்திருந்தது. கையில் வைத்திருந்தவருக்கே அது வலியின் நூல் என்று தெரியாது.

முயலின் மூளையில் ஒரு பாடம்

அவர் பெயர் டெர்யே லோமோ. நார்வேயின் மேற்குக் கரை ஊரான ஓலசுண்டில் 1935-ல் பிறந்தவர், மருத்துவம் படித்தவர். 1964-ல் ஆஸ்லோ தெருவில் நரம்பியல் ஆய்வாளர் பெர் ஆண்டர்சனைத் தற்செயலாகச் சந்தித்தார். ஆண்டர்சன் அப்போதுதான் ஆஸ்திரேலியாவில் ஜான் எக்கிள்ஸிடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, சொந்தமாக ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சந்திப்பின் பலனாக லோமோ அவரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். இடம், ஊரின் நடுவே கார்ல் யோஹான்ஸ் காத்தே என்ற பெரிய வீதியில் இருந்த பல்கலைக்கழக நரம்பியல் கூடம்.

மயக்கமூட்டிய முயலின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிக்குள் போகும் ஒரு நரம்புக் கற்றையில் அவர் மின் துடிப்பு கொடுத்தார், மறுமுனையில் எழும் பதிலை அளந்தார். ஒரு துடிப்பு கொடுத்தால் ஒரு சின்ன அலை. அதுவே வரிசையாகப் படபடவென்று துடிப்புகளைக் கொடுத்துவிட்டு, பிறகு மீண்டும் ஒரே ஒரு துடிப்பு கொடுத்தால் அலை முன்பைவிடப் பெரிதாக எழுந்தது. துடிப்பின் அளவில் மாற்றமில்லை. வாங்கிக்கொள்ளும் நரம்பு மாறியிருந்தது. கொஞ்ச நேரம் விட்டுக் கொடுத்தாலும் பெரிதாகவே எழுந்தது. நரம்பு எதையோ ஞாபகம் வைத்திருந்தது.

1966-ல் ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் நடந்த கூட்டத்தில் லோமோ இதைச் சுருக்கமாகச் சொன்னார். 1968-ல் இங்கிலாந்திலிருந்து டிம் பிளிஸ் ஆஸ்லோ வந்துசேர, இருவரும் முறையாகச் சோதித்தார்கள். 18 முயல்களில் 15-ல் அந்தப் பெருக்கம் தெரிந்தது. அரை மணி நேரத்திலிருந்து பத்து மணி நேரம் வரை நீடித்தது. 1973-ல் கட்டுரை வெளியானது. நாம் ஒன்றைக் கற்பதும் நினைவில் வைப்பதும் நரம்புகளுக்கிடையே எப்படி நடக்கிறது என்பதற்கு இன்றைக்கும் அடிப்படை விளக்கம் இதுதான்.

நரம்பு நல்லதை மட்டும் கற்கும் என்று விதி ஏதும் இல்லை. அதே 1966-ல் அமெரிக்காவில் லோர்ன் மெண்டெல் பூனையின் தண்டுவடத்தில் வேறொன்றைக் கண்டிருந்தார். வலியைச் சுமந்துவரும் மெல்லிய நரம்பிழைகளைத் தொடர்ந்து தூண்டினால், ஒவ்வொரு தூண்டலுக்கும் தண்டுவடத்தின் பதில் ஏறிக்கொண்டே போனது. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல முறுக்கேறியது. இது சில நொடிகளில் அடங்கிவிடுவது, ஆஸ்லோ முயலின் ஞாபகமோ மணிக்கணக்கில் நிற்பது. இரண்டும் ஒன்றில்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரே கதவு வழியாகத்தான் பாதை என்பது பின்னால் தெரிந்தது.

அம்மி நகரும் இடம்

அந்தக் கதவை அடையாளம் காட்டிய வருடம் 1983. அந்த ஒரே வருடத்தில் வெவ்வேறு ஊர்களிலிருந்து நான்கு செய்திகள் வந்தன.

ஆஸ்லோவில் யோன் ஸ்டோர்ம்-மத்தீசனும் கூட்டாளிகளும் நரம்பணுக்களுக்குள் குளூட்டமேட் என்ற பொருள் இருப்பதை முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரியும்படி சாயமேற்றிக் காட்டினார்கள். ஒரு நரம்பு இன்னொன்றோடு பேசும் மொழி பெரும்பாலும் இந்தக் குளூட்டமேட்தான். கிரகாம் காலிங்ரிட்ஜும் சகாக்களும், ஹிப்போகேம்பஸின் ஞாபகப் பெருக்கத்துக்கு என்.எம்.டி.ஏ. என்ற குளூட்டமேட் ஏற்பி தேவை என்று காட்டினார்கள். லண்டனில் கிளிஃபர்ட் ஊல்ஃப், காலில் அடிபட்ட எலியின் வலி அடிபட்ட இடத்தில் மட்டும் இல்லை, அதன் தண்டுவடமே கூர்மையாகிவிடுகிறது என்று நிறுவினார். நான்காவது செய்தியைக் கொண்டுவந்தவர்கள் டேவிட் லாட்ஜும் கூட்டாளிகளும். அறுவை அறைகளில் வருடக்கணக்காகப் புழங்கிவந்த கெட்டமின் என்ற மயக்க மருந்து, இந்த என்.எம்.டி.ஏ. ஏற்பியைத்தான் அடைக்கிறது என்றார்கள்.

இந்த ஏற்பியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நரம்பணுவின் தோலில் இது ஒரு குட்டிக் கதவு. வாசலில் ஒரு மெக்னீசியம் அயனி தாழ்ப்பாள் மாதிரி அடைத்துக்கொண்டு நிற்கும். ஒரு தடவை தட்டினால் திறக்காது. விடாமல் தட்டத் தட்ட, அணுவின் மின்னழுத்தம் மாறி மெக்னீசியம் விலகும். அப்போது கால்சியம் உள்ளே பாயும். உள்ளே போன கால்சியம் அந்த அணுவையே மாற்றி, இனிமேல் லேசாகத் தட்டினாலும் பலமாகப் பதில் சொல்லும்படி செய்துவிடும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்கிறோமே, அந்த அம்மி நகரும் இடம் இதுதான். இந்தத் தாழ்ப்பாளின் சூட்சுமம் 1984-ல் தெளிவானது.

கெட்டமினுக்கும் ஒரு பிறப்பு உண்டு. 1962-ல் அமெரிக்காவில் கால்வின் ஸ்டீவன்ஸ் அதைத் தயாரித்தார். 1964-ல் முதல் மனிதருக்குச் செலுத்திப் பார்த்தார்கள். மூச்சை அவ்வளவாக அடக்காது என்பதால் போர்க்களத்திலும் வசதி குறைந்த மருத்துவமனையிலும் பெரிதும் கைகொடுத்தது. நம் ஊர் சிறிய மருத்துவமனைகளின் அறுவை அறையிலும் அது பழகிய பெயர்தான். என்.எம்.டி.ஏ. கதவு திறந்திருக்கும்போது உள்ளே புகுந்து வழியை அடைத்துக்கொள்வது அதன் வேலை.

ஒன்பது பேர்

இப்போது மறுபடி ஆஸ்லோ. லோமோவின் ஆய்வுக்கூடம் இருந்த வீதியிலிருந்து நடந்தே போய்விடும் தொலைவில், பிலெஸ்ட்ரெடே பகுதியில் அன்றைக்கு இருந்தது ரிக்ஸ்ஹோஸ்பிட்டாலெட் என்ற தேசிய மருத்துவமனை. அங்கே நரம்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் பெர் கிறிஸ்டியான் எய்டேவும் வலி மருத்துவர் அவுடுன் ஸ்டூப்ஹாவும் ஒரு கேள்வியைக் கையில் எடுத்தார்கள். நரம்பு வலி என்பது இந்தக் கதவு திறந்தே கிடப்பதால் வருவதானால், கதவை அடைத்தால் வலி குறைய வேண்டும் அல்லவா?

முதலில் அக்கி வந்து ஆறிய பிறகும் விடாத நரம்பு வலி உள்ள எட்டுப் பேரிடம் சோதித்தார்கள். கெட்டமின், மார்ஃபின், வெறும் போலி மருந்து, மூன்றையும் ஒப்பிட்டார்கள். வலிக்கும் தோலில் ஒரே அளவில் மெல்லக் குத்திக்கொண்டே இருப்பது அந்தச் சோதனையின் ஒரு பகுதி. ஆரோக்கியமான தோலில் பத்தாவது குத்தும் முதல் குத்தும் ஏறக்குறைய ஒன்று போலத்தான் தெரியும். இவர்களுக்கோ ஒவ்வொரு குத்தும் முந்தியதைவிட மோசமாகி, கடைசியில் வெடித்துக் கிளம்பும். மெண்டெல் பூனையில் பார்த்த அதே முறுக்கேற்றம், இப்போது மனிதத் தோலில். 1994-ல் வந்த முடிவு: கெட்டமின் அந்த முறுக்கேற்றத்தைத் தணித்தது, மார்ஃபின் தணிக்கவில்லை.

அடுத்த வருடம் தண்டுவடம் அடிபட்டவர்கள். எய்டே, ஸ்டூப்ஹாவ், ஸ்டெனெயெம் மூவரின் பெயரில் 1995 டிசம்பரில் வெளியான அந்த ஆய்வில் ஒன்பது பேர் இருந்தார்கள். கெட்டமின், ஆல்ஃபென்டானில் என்ற அபின் வகை மருந்து, போலி மருந்து ஆகிய மூன்றும் ஒவ்வொருவருக்கும் முறை மாற்றி ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தப்பட்டன. எந்த முறையில் எது ஏறுகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, வலியை அளப்பவருக்கும் தெரியாது. சும்மா இருக்கும்போதே எரியும் வலி, துணி பட்டாலே எழும் வலி, குத்தக் குத்த ஏறும் வலி என மூன்றையும் கேட்டுக் கேட்டுக் குறித்தார்கள்.

கெட்டமின் ஏறியபோது தொடர்ந்து எரியும் வலியும் குறைந்தது, தொட்டதால் எழும் வலியும் குறைந்தது. ஆல்ஃபென்டானிலும் குறைத்தது. தண்டுவடம் அடிபட்டவரின் இந்த வலி என்.எம்.டி.ஏ. ஏற்பியைச் சார்ந்து நிற்கிறது என்று கட்டுரையின் தலைப்பிலேயே எழுதினார்கள்.

ஒன்பது பேர் என்பது சின்ன எண்தான். ஆனால் அதன் பொருளை யோசித்துப் பாருங்கள். வலியைக் குறைத்த மருந்து காலில் எதையும் செய்யவில்லை. அது கைவைத்தது நரம்பு கற்றுக்கொண்ட பாடத்தின் மீது. அப்படிக் கைவைத்ததும் காலின் தீ தணிந்தது. அதாவது அந்த ஒன்பது பேரும் சொன்னது உண்மை. வலி இருக்கிறது, அதற்கு ஓர் இடம் இருக்கிறது, ஒரு வேதியியல் இருக்கிறது. கற்பனையோ மனப்பிரமையோ பிடிவாதமோ இல்லை. என் மனத்தில் இந்த ஆய்வுக்கு உயர்ந்த இடம் இருப்பது இதனால்தான். மருந்து ஒன்றைச் சோதித்ததோடு நில்லாமல், நம்பப்படாத ஒரு சொல்லுக்கு அது சாட்சி சொன்னது.

மருந்தும் அதன் எல்லையும்

அத்தோடு சுபம் என்று கதையை முடித்துவிட முடியவில்லை. கெட்டமின் வலியை மட்டும் தேடிப் போய் அடைக்காது. நாம் நினைப்பதும் கற்பதும் அதே கதவுகள் வழியாகத்தானே? தலைசுற்றல், குமட்டல், உடம்பை விட்டு விலகி மிதப்பது போன்ற மயக்கம், இல்லாதது கண்ணில் தெரிவது எல்லாம் கூடவே வரும். அக்கி வலிக்காரர்களுக்குத் தோலுக்கடியில் தொடர்ந்து கெட்டமின் செலுத்தியபோது வலி குறைந்தது உண்மை. ஆனால் ஊசி போட்ட இடம் அரித்து, கட்டியாகி, அதுவே பெருந்தொல்லையானது என்றும் எய்டே குழு மறைக்காமல் எழுதியது. நீண்ட நாள் எடுத்தால் சிறுநீர்ப்பையும் கல்லீரலும் கெடலாம், பழக்கத்துக்கு அடிமையாகவும் நேரலாம். ஆகவே அது மருத்துவமனையில், மருத்துவர் கண்ணெதிரே மட்டும் கொடுக்க வேண்டிய மருந்து.

வேறு காரணங்களும் இந்த வலிக்குப் பின்னால் இருக்கின்றன. அடிபட்டபோது, வலியை அடக்கிவைக்கும் நரம்பணுக்களும் செத்துப்போகின்றன. கடிவாளம் அறுந்த குதிரை மாதிரி, மிச்சமிருப்பவை தறிகெட்டுத் துடிக்கின்றன. மூளைக்குள் உணர்வுகளைப் பங்கிட்டு அனுப்பும் தலாமஸும் நிலை மாறுகிறது. என்.எம்.டி.ஏ. ஒரு கதவு, ஒரே கதவு இல்லை.

அதனால் இன்று மருத்துவர்கள் முதலில் எழுதித் தருவது பிரிகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகள். 2006-ல் ஆஸ்திரேலியாவில் தண்டுவடம் அடிபட்ட 137 பேரிடம் 12 வாரம் நடந்த சோதனையில் பிரிகாபலின் போலி மருந்தைவிட நன்றாக வலியைக் குறைத்தது. எல்லோருக்கும் கேட்காது. கேட்பவர்களுக்கும் வலி முழுதாக ஓயாது, தூக்கக் கலக்கமும் வரும். ஆனால் பத்தில் எட்டாக இருந்த வலி ஐந்தாக இறங்கினால் ஒருவரால் இரவில் தூங்க முடியும், பகலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்க முடியும். அந்த மூன்று புள்ளி ஒரு வாழ்க்கை.

எல்லா எரிச்சலையும் நரம்பு வலி என்று விட்டுவிடவும் கூடாது. சிறுநீரில் கிருமித் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண், இவற்றில் ஒன்று ஒளிந்திருந்தாலும் பழைய வலி திடீரென்று கூடும். தண்டுவடத்துக்குள் நீர்க்கட்டி உருவாகி வருடங்கள் கழித்துப் புதுவலி கிளம்புவதும் உண்டு. உடம்பின் மற்ற காவல்காரர்கள் வாய் மூடிக்கிடக்கும்போது இந்த எரிச்சல் ஒன்றுதான் சில நேரம் எச்சரிக்கை மணி.

ஃபியோர்டு தொட்டு மாங்குளம் வரை

ஆஸ்லோவின் ஃபியோர்டு என்ற கடல்நுழைவில் படகேறினால் அரை மணி நேரத்துக்குள் நெசொட்டன் தீபகற்பம் வந்துவிடும். அங்கே 1954-ல் தொடங்கிய சுன்னாஸ் மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. தண்டுவடம் அடிபட்டவர்கள் திரும்பவும் வாழ்க்கையைக் கட்டிக்கொள்ளக் கற்பது அங்கேதான். அதே 1954-ல் நம் ஊரில் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இரண்டு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். லோமோ துர்க்குவில் தன் முயலைப் பற்றிப் பேசிய அதே 1966-ல் வேலூரில் அவருடைய முயற்சியால் மறுவாழ்வு மையம் திறந்தது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், 1975-ல் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஈழத்தில் போர் முடிந்த பின், முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக மாங்குளத்தில் 'உயிரிழை' என்ற அமைப்பில் கூடினார்கள். இவற்றில் கடைசி மூன்றும் வலியை அறிந்தவர்களே கட்டி எழுப்பிய இடங்கள்.

இங்கெல்லாம் புதிதாக வரும் ஒருவர் "கால் எரியுது" என்று சொன்னால், பக்கத்து நாற்காலிக்காரர் அவரைச் சந்தேகமாகப் பார்க்க மாட்டார். அவர் காலும் எரிந்திருக்கிறது. ஆஸ்லோ ஆய்வு சொன்ன உண்மையை அவர் உடம்பால் அறிந்தவர். அந்த நம்பிக்கை வீட்டுக்குள்ளும் கிடைக்க வேண்டும். இன்னும் பல வீடுகளில் கிடைக்கவில்லை.

அந்த மகனிடம் திரும்புவோம். போர்வையை விலக்கி அப்பாவின் பாதத்தைக் கையில் எடுத்தானே, அது வரைக்கும் அவன் செய்தது அத்தனையும் சரி. கிள்ளிப் பார்க்க வேண்டாம். அந்தக் காலுக்குக் கிள்ளல் போய்ச் சேராது, தழும்புதான் விழும். "எப்படிப்பா எரியும்?" என்ற கேள்விக்கு ஓர் ஊரின் இரண்டு தலைமுறை விஞ்ஞானிகள் பதில் தேடிக் கொடுத்துவிட்டார்கள். அவன் கேட்க வேண்டியது வேறு.

"எங்கப்பா எரியுது? ராத்திரிதான் ஜாஸ்தியா? குத்துற மாதிரியா, சுடுற மாதிரியா? டாக்டர்கிட்டச் சொல்லணும், நான் எழுதிக்கிறேன்."

சுவரைப் பார்த்துக் கிடந்த முகம் இந்தப் பக்கம் திரும்பும்.